புள்ளிப் பலகையில் ஏறாத உழைப்பு



பிள்ளை விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்ததும் நாம் முதலிற் கேட்கும் கேள்வி யாது? "எத்தனை கோல் போட்டாய்?" என்பதே. "எத்தனை தடவை தடுத்தாய்? களைத்தவனுக்கு யார் கைகொடுத்தது?" என்று கேட்போர் மிகச் சிலர். புள்ளி எடுத்தவனே ஆட்டக்காரன், ஏனையோர் எண்ணிக்கைக்கு நின்றவர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது எத்துணை பிழையானது என்பதை றக்பி லீக் என்னும் விளையாட்டு நன்கு விளக்குகின்றது.

உழைப்பாளரிடையே பிறந்த ஆட்டம்

நம் நாட்டிற் கொழும்பு, கண்டிப் பாடசாலைகள் ஆடிவருவது, அணிக்குப் பதினைந்து பேர் கொண்ட றக்பி யூனியன். றக்பி லீக் அதிலிருந்து பிரிந்த கிளையாகும். வட இங்கிலாந்தின் அணிகளில் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலைகளிலும் வேலை செய்தோர் பலர் ஆடினர். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுசெய்யக் கழகங்கள் விரும்பின. ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்தல் ஆகாதெனத் தலைமைச் சங்கம் மறுத்தது. ஆகவே 1895 ஆகஸ்ட் 29ஆந் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலிற் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனிச் சங்கம் அமைத்தன. 1906இல் அணிக்குப் பதின்மூவர் என விதி மாறிற்று. 1908இல் சிட்னி நகரிலும் இவ்வாட்டத்திற்கான போட்டித்தொடர் ஆரம்பமாயிற்று.

விதியே கற்பிக்கும் பாடம்

பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பின்னால் வருபவருக்கே கொடுக்கலாம். எனவே பந்தை ஏந்தி ஓடுபவர் எத்துணை கெட்டிக்காரராயினும், பின்னால் ஒருவர் ஓடி வராவிட்டால் அவர் தனித்துப்போவார். அந்த ஒருவர் பத்து முறை ஓடிவந்து ஒருமுறை மட்டுமே பந்தைப் பெறலாம். ஆயினும் பத்து முறையும் ஓடித்தான் ஆகவேண்டும்.

தடுக்கும் அணியின் பாடு இன்னும் கடினம். பந்து வைத்திருப்பவரை மடக்கிப் பிடிப்பதை ரக்கிள் என்பர். ஓர் அணி ஆறு தடவை மடக்கப்படும்வரை பந்தை வைத்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் தடுக்கும் அணியினர் பத்து மீற்றர் பின்வாங்கி, வரிசையாக நின்று, மீண்டும் முன்னேற வேண்டும். எண்பது நிமிட ஆட்டம் முழுவதும் இதுவே தொடரும். ஒருவர் சோம்பி நின்றாலும் அந்த இடைவெளியால் எதிரணி நுழைந்துவிடும். பன்னிருவரின் உழைப்பும் அக்கணமே வீணாகும்.

ஒரு துரத்தல்

2003ஆம் ஆண்டு சிட்னியில் நடைபெற்ற அவுஸ்திரேலிய இறுதியாட்டத்திற் பென்றித் அணியும் சிட்னி றூஸ்டர்ஸ் அணியும் மோதின. இரண்டாம் பாதியில் இரு அணிகளும் ஆறு புள்ளிகளுடன் சமநிலையில் நின்றபோது, றூஸ்டர்ஸ் அணியின் றொட் பேர்ண் பந்துடன் ஓரமாகப் பறந்தார். அவர் ஓட்டத்திற் பெயர்பெற்றவர். அவரைத் துரத்தியவரோ பென்றித்தின் முன்வரிசை வீரர் ஸ்கொற் சற்லர். முன்வரிசையினர் இடித்து முன்னேறவும் மடக்கவுமே பழகியவர்கள், வேகத்துக்குப் பேர்போனவர்களல்லர். எனினும் சற்லர் மைதானத்தின் குறுக்கே விடாது ஓடி, பேர்ணைப் பிடித்து எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளினார்.

இதற்காகப் புள்ளிப் பலகையில் ஓர் எண்ணும் ஏறவில்லை. பென்றித் 18க்கு 6 என வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான பதக்கமும் லூக் பிறிடிஸ் என்னும் வேறொருவருக்கே கிடைத்தது. ஆயினும் அந்த இறுதியாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் நினைவுகூர்வது அந்தத் துரத்தலைத்தான்.

கிண்ணம் கிடைக்காவிட்டால்?

"சற்லரின் அணி வென்றது, ஆகவே அவர் உழைப்புக்கு மதிப்புண்டு" என நீங்கள் சொல்லக்கூடும். தோற்றவரின் உழைப்புக்கு என்ன மதிப்பு? நேதன் ஹின்ட்மார்ஷ் என்பவரைப் பாருங்கள். 1998 முதல் 2012 வரை பரமற்றா அணிக்காக 330 ஆட்டங்கள் ஆடினார். அவுஸ்திரேலியத் தேசிய றக்பி லீக் போட்டியிற் பத்தாயிரம் ரக்கிள்களை எட்டிய முதல் வீரர் இவரே. 2001, 2009 ஆகிய ஆண்டுகளில் இறுதியாட்டம்வரை சென்றார். இரண்டிலும் அவர் அணி தோற்றது. சம்பள வரம்பை மீறியமைக்காக, 2009இல் வென்ற மெல்பேண் அணியின் பட்டம் 2010இற் பறிக்கப்பட்டது. அப்பட்டம் பரமற்றாவுக்கும் வழங்கப்படவில்லை. கிண்ணமின்றியே ஹின்ட்மார்ஷ் ஓய்வு பெற்றார்.

கொடுத்த பட்டத்தைப் பின்னர் பறிக்கலாம். செய்து முடித்த பத்தாயிரம் ரக்கிள்களை எவர் பறிக்கமுடியும்? அருகில் நின்று ஆடிய தோழர்கள் அவற்றை அறிவார்கள்.

ஓர் எச்சரிக்கை

உழைப்பு வேறு, உடலை அழித்துக்கொள்ளல் வேறு. ஸ்கொற்றின் தந்தை ஜோன் சற்லர், 1970ஆம் ஆண்டு இறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே தாடை முறிந்தும், தென் சிட்னி அணியின் தலைவராக இறுதிவரை ஆடி வென்றார். அந்த வீரத்தை இன்றும் வியக்கிறார்கள். ஆயினும் பிள்ளைகளுக்கு அதை முன்மாதிரியாகக் காட்டலாகாது. இன்று தலையில் அடிபட்ட அறிகுறி தென்பட்டால் வீரரை வெளியே எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமென்பது விதி. காயத்தை மறைப்பவன் அணிக்கு உதவுபவனல்லன். "என்னால் முடியவில்லை, நீ வா" என இடம் கொடுப்பதும் அணியுணர்வேயாம்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இப்படி உழைப்பவர் ஒருவர் இருப்பார். விடியுமுன் அடுப்பு மூட்டுபவரை, தம்பி தங்கையரின் பாடங்களைப் பார்த்துக்கொடுக்கும் மூத்த பிள்ளையை எவரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. அவர்கள் ஒருநாள் ஓய்ந்தாற்றான் இடைவெளி தெரிகின்றது. தெரியுமுன்னரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாளை பிள்ளை மைதானத்திலிருந்து வரும்போது கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் எவருடைய உழைப்பு கண்ணிற் படாமற் போகின்றது?

2. பந்து கிடைக்காதெனத் தெரிந்தும் ஓடிவரும் தோழனாக நான் யாருக்கு இருக்கிறேன்?

3. களைப்பையோ காயத்தையோ பிள்ளை அச்சமின்றிச் சொல்ல நாம் இடமளிக்கிறோமா?