ஸ்பேனர் பிடிக்க வருகிறவர்களுக்கு

தாத்தா ஓட்டிய புல்லட், அப்பா வெங்காய மூட்டை ஏற்றிய டி.வி.எஸ். 50, பரணில் கிடந்த வால்வு ரேடியோ என்று ஏதோ ஒன்று கையில் மாட்டியதும் யூடியூப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பேனரைத் தூக்குகிற பிள்ளைகள் பெரம்பலூரிலும் அரியலூரிலும் இப்போது நிறைய. சந்தோஷம்தான். ஆனால் பழைய பொருள் வயதானதால் மட்டும் கெடுவதில்லை. பாதியை நம்ம ஊர்த் தண்ணீரும் தூசியும் கெடுக்கின்றன. மீதியை, சரிசெய்கிறேன் என்று வந்தவன் கெடுக்கிறான். அந்த ஆள் நீயாக இருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன், தம்பி. தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான்.

1. கழற்றாதே, முதலில் பார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் கார்பரேட்டரைப் பிரித்துப் போடுவது ஒரு வியாதி. பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, கிக்கரை அழுத்தினால் எதிர்த்து நிற்கிறதா என்று இந்த வரிசையில் பார். பிளக் முனையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. கரி படிந்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் போதவில்லை, இன்ஜின் சூடேறுகிறது. பெட்ரோலில் ஊறியிருந்தால் முதல் சந்தேகம் பொறியின் மேல். கொஞ்ச தூரம் ஓடி நின்று, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிற வண்டியா? டேங்க் மூடியைத் திறந்து மூடிப் பார். அதன் காற்றுத் துளையில் மண் அடைத்திருந்தால் ஒரு குண்டூசியோடு வேலை முடிந்தது.

2. புல்லட்டை எட்டி உதைக்காதே. 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரிலிருந்து வந்த வண்டி அது. பாயிண்ட் வைத்த பழைய மாடலில் கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்கால் போய்விடும். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற ஆம்மீட்டர் அழகுக்கு வைத்ததில்லை. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்து. முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். ஓரிடத்தில் சட்டென்று நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை இரண்டு விரற்கடை மட்டும் தள்ளு. லீவரை விடு, கிக்கர் மேலே வரட்டும். பிறகு உடம்பு எடை முழுவதையும் போட்டுக் கடைசிவரை ஒரே மிதி. ஒல்லிப் பையன்கூட அலுங்காமல் கிளப்பலாம். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதை ஃபீலர் கேஜ் வைத்து அள, பஸ் டிக்கெட்டை மடித்து வைத்து அளக்காதே. உப்புத்தாளால் தேய்த்த பாயிண்டைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்க மறந்தால் தேய்க்காமலே இருந்திருக்கலாம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதைத் தெருவில் இறங்குவதற்கு முன்பே காலுக்குச் சொல்லிக்கொடு.

3. போர் தண்ணீரை நம்பாதே. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அதன் அடியில் படிந்த சிப்பி, நத்தை ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் இறுகிக் கிடப்பதைத்தான் இன்றைக்கு சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்த ஜீவன்களைப் பார்க்கலாம். அங்கே போக நேரமில்லை என்றால் உங்கள் வீட்டு டிராக்டர் ரேடியேட்டரின் மூடியைத் திற (இன்ஜின் ஆறிய பிறகு). வாய் ஓரத்தில் வெள்ளைப் பக்கு ஒட்டியிருக்கும். கொஞ்சம் சுரண்டி எலுமிச்சைச் சாறு சொட்டு, நுரைக்கும். அது சுண்ணாம்பு. தண்ணீரில் கரைந்து வந்து, சூட்டில் பிரிந்து, குழாய்க்குள் ஒட்டிக்கொள்கிறது. பக்கு பிடித்த குழாய் சூட்டை வெளியே விடாது. சூடேறினால் ஹெட் கேஸ்கட் போகும்; அதற்கும் அசராமல் ஓட்டினால் ஹெட்டே வளையும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லுகிற அண்ணன்மார் எல்லா ஊரிலும் உண்டு. கேட்காதே. டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்று. பக்கு ஏறிவிட்டால் ரேடியேட்டர் கடைக்காரரிடம் கொடு, அவர் மேல்தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டு எடுப்பார். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் குடிப்பதற்கு; அதிலும் உப்பு மிச்சம் இருக்கிறது.

4. ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதே. பிக்கப் கூடும் என்று கழற்றிவிட்டு ஓட்டுகிறவன் அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் ஒரு தடவை போனால் போதும். உள்ளே போன தூசி ஆயிலோடு குழைந்து, பிஸ்டன் ரிங்கையும் போரையும் அரைக்கும் பசையாகிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, காயவிட்டு, ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டு. பழைய டிராக்டரில் ஆயில் பாத் இருக்கும். அடிக்கிண்ணத்தில் சேறு தெரிந்தால் ஆயிலை மாற்று, கம்பெனிப் புத்தகம் சொல்லும் தேதிக்குக் காத்திருக்காதே. அந்தத் தேதி நம்ம ரோட்டைப் பார்த்து எழுதியது இல்லை.

5. டூ ஸ்ட்ரோக்குக்குத் தாராளம் ஆகாது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 இந்தச் சீமையில் பாதி விவசாயத்தைச் சுமந்தது என்பேன். பிந்தி வந்த எக்ஸ்.எல். சூப்பருக்கு லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் போதும். இன்ஜினுக்கு நல்லது என்று கூட்டி ஊற்றினால் சைலன்சர் அடைக்கும், வண்டி இழுக்காது. இழுக்கவில்லை என்றால் சைலன்சரைக் கழற்றிப் புகை வாயைப் பார். பிஸ்டனை மேலே ஏற்றி அந்த வாயை மூடிக்கொண்டு, கரியை மூங்கில் குச்சியால் சுரண்டு. திருப்புளியால் சுரண்டினால் பிஸ்டனில் கோடு விழும்.

6. பெட்ரோலை ஊறப்போடாதே. இப்போது பங்கில் வருவது இ-20, நூற்றுக்கு 20 எத்தனால். மக்காச்சோளத்திலிருந்தும் அதை எடுக்கிறார்கள். நம்ம வெள்ளாமை நம்ம வண்டிக்கே வம்பு பண்ணுகிறது, பாருங்கள்! எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூபை இளக்கும், டேப்புக்குள் இருக்கும் கார்க்கையும் கெடுக்கும். டியூபையும் சீலையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்று. வாரக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் டேப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்பரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்.

7. வால்வு ரேடியோவை நேராகக் கரண்டில் செருகாதே. இதில் விளையாட்டு வேண்டாம். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடும்; சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் நிற்கும். ஏ.சி./டி.சி. ரகத்தில் சேசிஸ் தகடே மெயினோடு நேராகச் சேர்ந்திருக்கும். ஒரு 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கரண்ட் கொடு. பல்பு முதலில் மினுங்கி மங்கினால் மேலே போகலாம். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், அணைத்துவிடு. பழைய பேப்பர் கண்டென்சர்களைச் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடு, அவை கசியாமல் இருப்பது அபூர்வம். கரண்ட் ஓடும்போது தொட்டுப் பார்க்க வேண்டிவந்தால் ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். சரியானதும் 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியைத் தேடு: மீடியம் வேவ் 936 கிலோஹெர்ட்ஸ், மீட்டர் கணக்குப் போட்ட பழைய டயலில் 320ஐ ஒட்டி. இரைச்சல் மட்டும் வந்தால் ரேடியோவைத் திட்டுவதற்கு முன் வீட்டு எல்.இ.டி. பல்புகளையும் செல்போன் சார்ஜரையும் அணைத்துப் பார்.

8. எச்.எம்.டி. வாட்சைத் திறக்காதே. வண்டிக் கை அதற்கு ஆகாது.

9. காகிதம் இல்லாத வண்டியை வாங்காதே. டி.என். 46 ஆனாலும் டி.என். 61 ஆனாலும் 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தைந்து ஆண்டாக. விலை மலிவு என்று ஆர்.சி. இல்லாததைத் தள்ளிக்கொண்டு வந்தால், காயலான் கடைக்குப் போட வேண்டியதை நீ காசு கொடுத்து வாங்கியிருக்கிறாய். முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2021இல் தனி விதி வந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்த வண்டியில் தினமும் பால் ஊற்றப் போக முடியாது. சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டுகிறவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம், ஊருக்குள்ளும் வர வேண்டாம்.

10. பழசைக் கும்பிடாதே. பழைய டிரம் பிரேக்கை நம்பித் திருச்சி–சென்னை நாலுவழிச் சாலையில் ஆம்னி பஸ்ஸுக்கு முன்னால் போவது வீரம் இல்லை. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்பரேட்டரைவிட மேல், டிஸ்க் பிரேக் டிரம்மைவிட மேல். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய வண்டியின் பெருமை ஒன்றே ஒன்று: திறந்தால் எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். படிக்க அது, தினசரி வேலைக்கு வேறு.

11. கழற்றியதை முட்டை அட்டையில் வரிசையாக வை, ஒவ்வொரு குழியிலும் எண் எழுதி. எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு வாஷர் மிச்சம் இருந்தால், கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. பனியன் வேஸ்ட்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கழற்று.