மின் சிகரெட்டும் மகப்பேறும்

செஞ்சி வட்டாரத்தில் மணிலா பயிரிடும் உழவர், விளைச்சல் குன்றினால் நிலத்தை மட்டும் குறை கூறுவதில்லை. விதையின் முளைப்புத் திறனையும் சோதிப்பர். ஆனால், மகப்பேறு வாய்க்காத வீட்டிலோ மருமகள் ஒருத்தியே பழி சுமக்கிறாள். மகவு வேண்டி அமாவாசைதோறும் மேல்மலையனூருக்குச் சென்று வரும் பெண்மணி ஒருவரை நாம் அறிவோம். அவர்தம் கணவர் ஒருமுறையேனும் பரிசோதனைக்குச் சென்றாரில்லை. மகப்பேறு தடைப்படும் தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் காரணமாகிறது என்பது மருத்துவர் கூற்று. ஆகவே, வாலிபர்களிடையே பரவிவரும் மின் சிகரெட்டைக் குறித்து நாம் அறிதல் அவசியம்.

கருவியின் தன்மை: ‘வேப்’ எனப்படும் இச்சிறு கருவி, மின்கலத்தின் துணையால் ஒருவகைத் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. பழ வாசனை கமழ்வதால் தீங்கற்றதெனப் பலர் மயங்குகின்றனர். எனினும், பெரும்பாலான திரவங்களில் புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் நஞ்சே கலந்துள்ளது.

ஆராய்ச்சி கூறுவது: டென்மார்க் நாட்டு வாலிபர் சுமார் 2,000 பேரைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளியாயிற்று. நாள்தோறும் மின் சிகரெட்டு இழுப்போரிடத்தும், சிகரெட்டு புகைப்போரிடத்தும் விந்தணுக்களின் எண்ணிக்கை குறைந்து காணப்பட்டது. 2019இல் அமெரிக்காவில் பெண் எலிகளிடம் நடத்திய சோதனையில், கரு கருப்பையில் பதிவது தாமதமாயிற்று. இவற்றைக்கொண்டு மலட்டுத்தன்மை உறுதியென முடிவுகட்டலாகாது. ஆயினும், ஐயத்திற்குரியதை விலக்குவதே அறிவுடைமை. விந்தணு புதிதாய் உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதமே ஆகும்; குறுவை நெல் விளையும் காலத்தினும் இது குறைவு. எனவே, பழக்கத்தை இன்றே விடுவது வீண்போகாது. வேப்பை விட்டுப் பீடிக்கு மாறுவதில் பயனில்லை.

சட்டம்: தமிழ்நாடு அரசு 2018லும், மத்திய அரசு 2019லும் மின் சிகரெட்டைத் தடை செய்தன. மத்தியச் சட்டப்படி, விற்போருக்கு முதற் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நம் கடமை:

1. கிராம சபைக் கூட்டத்தில் இச்செய்தியை விளக்குக.

2. பள்ளிகளுக்கு அருகே இக்கருவி விற்கப்படின் காவல் துறைக்குத் தெரிவிக்க.

3. ஓராண்டு முயன்றும் கரு உண்டாகாவிடில், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து அரசு மருத்துவமனைக்குச் செல்க.

4. பழக்கத்தைக் கைவிட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை பெறுக.

விதையையும் நிலத்தையும் ஒருசேரப் பேணும் உழவர் பெருமக்கள், தம் இல்லத்திலும் அந்நீதியைக் கடைப்பிடிப்பார்களென நம்புகிறோம்.