இரத்தம் எழுதும் மூன்று மாதக் கணக்கு

கிளினிக் திகதிக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போதே உம்மும்மாவின் சாப்பாடு மாறிவிடும். வட்டிலப்பம் வேண்டாம், பிளேன்டீக்குச் சீனி வேண்டாம், சோறும் பாதிதான். மறந்துபோன குளிசைகளும் அந்த இரண்டு நாட்களில் தவறாமல் உள்ளே போகும். "ரெண்டு நாளைக்கு வாயக் கட்டினா ரிப்போட் நல்லா வரும் மகள்" என்பார்.

சென்ற தடவை வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 132 என்று வந்தது. உம்மும்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் டொக்டர் இன்னொரு தாளைக் காட்டினார். அதில் எச்.பீ.ஏ.வன்.சீ 9 சதவீதம் என்றிருந்தது. "இந்த ரெண்டு நாள் சரிதான் உம்மா, இந்த மூணு மாசமும் சரியில்லையே" என்று மெதுவாகச் சொன்னார். உயிரியல் பாடத்தில் படித்த செங்குழியம் அன்றுதான் எனக்கு உண்மையாகவே விளங்கியது.

நாம் உண்ணும் சோறு, பாண், இடியப்பம் யாவும் சமிபாட்டின் பின் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. தசைக் கலங்களுக்குள் அது நுழைவதற்குச் சதையி சுரக்கும் இன்சுலின் என்ற ஓமோன் துணைசெய்கிறது. இன்சுலின் போதாவிட்டால், அல்லது உடல் அதற்குச் சரியாக இணங்காவிட்டால், குளுக்கோசு இரத்தத்திலேயே தேங்கிவிடும். வெறும் வயிற்றில் ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது வழமை. 126 அல்லது அதற்கு மேல் மீண்டும் மீண்டும் வந்தால் அது நீரிழிவு.

இரத்தத்தில் மிதக்கும் குளுக்கோசில் ஒரு பகுதி செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது அந்தச் செங்குழியம் அழியும்வரை விலகுவதில்லை. செங்குழியத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். ஆகவே எச்.பீ.ஏ.வன்.சீ பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. 7 சதவீதம் என்றால் சராசரிச் சீனி ஏறத்தாழ 154; 9 சதவீதம் என்றால் ஏறத்தாழ 212. பலருக்கு 7க்குக் கீழ் இருப்பதே இலக்கு. முதியோருக்கு வைத்தியர் இதைச் சற்றுத் தளர்த்துவதுண்டு.

"எனக்கு ஒண்டும் செய்யல்லயே, பொறகு ஏன் குளிசை?" என்பது உம்மும்மாவின் கேள்வி. இங்கேதான் ஆபத்து இருக்கிறது. சீனி ஏறத்தாழ 180ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்குகிறது. அது நீரையும் இழுத்துச் செல்வதால் அடிக்கடி சிறுநீர் போகும், தாகம் எடுக்கும், களைப்பு வரும். அதற்குக் கீழான அளவு எந்த அறிகுறியும் காட்டாமலே வருடக்கணக்கில் கண்ணின் விழித்திரையையும், சிறுநீரகத்தையும், பாதத்தின் நரம்புகளையும் பழுதாக்கலாம்.

"குளிசை கிட்னியைப் பழுதாக்கும்" என்று பயந்து மருந்தை நிறுத்துவோரும் நம்மிடையே உண்டு. உண்மையில் கட்டுப்படாத சீனியே சிறுநீரகத்தின் பெரிய எதிரி. குளிசை ஒத்துக்கொள்ளாமல் வயிறு குழம்பினால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். நாமாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பீங்கானில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, மீதிக் கால் பங்கு மட்டும் சோறு. சிவப்பரிசியும் குரக்கனும் நல்லவைதான். ஆனால் அவையும் மாப்பொருளே என்பதால் அளவு முக்கியம். கருப்பட்டியும் தேனும் சீனியை ஏற்றவே செய்யும். சாப்பாட்டுக்குப் பின் சிறிது நேரம் நடந்தால் தசைகள் குளுக்கோசை எடுத்துக்கொள்ளும். தினமும் இரவில் பாதங்களைப் பார்த்துச் சிறு காயமும் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும்.

அவசர வேளைகளையும் அறிந்திருப்போம். சீனி மிகவும் ஏறி, வாந்தி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை, மயக்கம், தடுமாற்றமான பேச்சு என்பன வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாறாக, திடீரென வியர்வை, நடுக்கம், கடும் பசி வந்தால் சீனி 70க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அப்போது மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் பார்க்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

றமழான் வருமுன் இன்னுமொரு கடமை உண்டு. நோன்பு பிடிக்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று ஓரிரு மாதங்களுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்க வேண்டும். நோன்பு நேரத்தில் சீனி 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுரை. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்பது குறையல்ல.

இப்போது எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு கொப்பி தொங்குகிறது. குளிசை குடித்தாரா, நடந்தாரா, சீனி எவ்வளவு என்று நான் எழுதுகிறேன். முதல் வாரத்தில் "பொலிஸ்காரி" என்று உம்மும்மா கோபித்தார். பிறகு, நான் பாடசாலைக்கு வந்த நாட்களில் தானே எழுதத் தொடங்கினார். அடுத்த கிளினிக்கில் அந்தத் தாளில் 7.8 என்றிருந்தது. இலக்குக்கு இன்னும் தூரம் உண்டு. ஆனாலும் இம்முறை அது இரண்டு நாள் வாயைக் கட்டிப் பெற்ற எண் அல்ல.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு வாப்பாவோ உம்மாவோ உம்மும்மாவோ இந்த நோயோடு இருக்கலாம். அவர்களைக் குற்றம் சொல்வதை விட, இன்று இரவு குளிசையோடு ஒரு கோப்பை தண்ணீரை நீட்டுவது அவர்களுக்கு உதவும்.