நம்ம மலையில் இருப்பது எந்தப் புலி?

"ஆறாம் நம்பர் மலையில புலி நின்னுச்சாம்" என்று லயத்தில் ஒரு சத்தம் எழும்பினால், அடுத்த நாள் கொழுந்துக்குப் போகவே பயம் வந்துவிடுகிறது. பயப்படுவது நியாயந்தான். ஆனால் அந்த மிருகம் என்னவென்று நாம் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறோமா?

படத்தில் காணும் வரிப்புலி இலங்கைக் காட்டில் இல்லை. வெகு காலத்துக்கு முன் இருந்திருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டைப் பகுதியில் அதன் எலும்புகள் கிடைத்தன. அவை சுமார் 16,500 ஆண்டுகள் பழையவை. இந்தியாவிலும் வரிப்புலி அருகிப்போய், 1973இல் அதைக் காக்க அரசாங்கம் தனித் திட்டம் தொடங்கியது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 3,682 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். உலகத்துக் காட்டுப் புலிகளில் பெரும்பங்கு அதுதான்.

நம்ம மலையில் இருப்பது சிறுத்தை. மஞ்சள் தோலில் கரும்புள்ளி. நாம் புலி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதில் தவறில்லை. இந்த வகைச் சிறுத்தை இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வரிப்புலியும் சிங்கமும் இல்லாத இந்த நாட்டில், காட்டு மிருகங்களை வேட்டையாடுவதில் இதுதான் முதலிடம். மரை, கேளையாடு, முள்ளம்பன்றி, பன்றிக்குட்டி எல்லாம் இதற்கு இரை. நம்ம மரக்கறித் தோட்டத்தைக் கிண்டிப்போடும் பன்றி பெருகாமல் இருக்க இதுவும் ஒரு காவல்காரன் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

தோட்டத்துக்குள் ஏன் வருகிறது என்று கேட்கிறார்கள். வருவதென்ன, இங்கேதான் இருக்கிறது! ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் தானியங்கிக் கமரா வைத்துப் பார்த்தபோது, தேயிலை மலைகளுக்கு நடுவில் மிஞ்சிய காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோரப் பற்றைகளிலும் சிறுத்தைகள் நடமாடுவது தெரிந்தது. பெரும்பாலும் இரவில் திரிந்துவிட்டுப் பகலில் மறைவாகப் படுத்துக்கொள்ளும். ஆளைத் தேடி வருவதில்லை. படுத்திருக்கும்போது நாம் தெரியாமல் கிட்டப் போனாலோ, ஓட வழியில்லாமல் சுற்றி வளைத்தாலோதான் பாயும்.

அதற்கு எமன் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை மரக்கறித் தோட்டத்துக் கம்பியில் கழுத்து மாட்டிக்கொண்டது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்தது. கறுப்பென்றாலும் அது வேறு இனமல்ல, பிறப்பிலேயே வந்த நிறம். அப்படி ஒன்றைக் காண்பதே அபூர்வம். போட்ட கம்பி பன்றிக்குத்தான். கம்பிக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியுமா?

பன்றியால் வரும் நஷ்டம் எங்களுக்கும் தெரியும். நட்ட கிழங்கு ஒரே இரவில் போனால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் கம்பி வேண்டாம். சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம். அதைக் கொன்றால் வழக்குத்தான். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், ஆட்களைக் காயப்படுத்திய ஒரு சிறுத்தையைச் சனம் கூடி அடித்துக் கொன்றார்கள். அதைப் படம் எடுத்துப் பரப்பினார்கள். அந்தப் படத்தை வைத்தே பொலிஸார் ஆட்களைத் தேடினார்கள்.

காட்டோர மலையில் காலையில் இறங்கும்போது தனியாகப் போகாமல், சத்தமாகப் பேசிக்கொண்டு, தட்டி ஓசை எழுப்பிப் போங்கள். அது விலகிப் போய்விடும். இறைச்சிக் கழிவை லயத்துக்குப் பின்னால் வீச வேண்டாம். அதற்கு நாய் வரும், நாய்க்குப் புலி வரும். இரவில் நாயை உள்ளே கட்டுங்கள். நேருக்கு நேர் கண்டால் முதுகு காட்டி ஓடாமல், அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள்.

தேயிலைச் செடிக்கு அடியில் குட்டி கிடந்தால், பூனைக்குட்டி மாதிரி அழகாகத்தான் இருக்கும். தூக்க வேண்டாம். தாய் இரை தேடிப் போயிருக்கும், திரும்பி வரும். அந்த மலையில் வேலையை நிறுத்திவிட்டுக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லுங்கள். கம்பியில் மாட்டிய சிறுத்தையைக் கண்டாலும் கிட்டப் போகாமல், கூட்டம் சேர்க்காமல், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் உடனே அறிவியுங்கள்.