பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க் கண்ட்ரோலர் டிரைவர் அமைக்கும் முறை



ஆங் மோ கியோவிலுள்ள நமது கடைக் கணக்கு முழுவதும் 2008-ல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு என்று வந்தது என்பதெல்லாம் அதிலேதான். கணக்கு எழுதும் புரோகிராமோ விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். சென்ற ரமலானுக்கு முந்திய வாரம் அதன் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தமிடத் தொடங்கிற்று. இத்தனை வருஷத்துப் பேரேடு போனால் கதி என்ன? முதற் காரியமாகக் கணக்குக் கோப்புகளை ஒரு தம்ப் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டோம். அதன் பிறகே சிம் லிம் ஸ்கொயருக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கினோம்.

ஹார்ட் டிஸ்க் நம் பேட்டைக்குப் புதிதன்று. சீகேட் கம்பெனி 1982-லேயே சிங்கப்பூருக்கு வந்தது. ஆங் மோ கியோவிலிருந்த அதன் தொழிற்சாலையை மூடப்போவதாக 2009-ல் அறிவித்தார்கள். அங்கே ஷிப்ட் பார்த்த சிலர் நமக்கு வாடிக்கைக்காரர்கள்.

நிற்க. புது டிஸ்க்கை மாட்டி எக்ஸ்பி சிடியைப் போட்டோம். "மாமு, டிஸ்க்கே இல்லையென்கிறதே!" என்றான் மருமகன். டிஸ்க்கில் பழுதில்லை. டிரைவர் இல்லாததே காரணம். டிரைவர் என்றால் வண்டியோட்டி அல்ல, துபாஷி. முற்காலத்தில் துறைமுகத்தில் கப்பல்காரனுக்கும் வியாபாரிக்கும் நடுவே நின்று இரு பாஷையும் பேசினாரே, அவரைப் போன்றவர். டிஸ்க்கோடு பேசும் சில்லுக்குக் கண்ட்ரோலர் என்று பெயர். அது ஏ.எச்.சி.ஐ. என்னும் புதுப் பாஷை பேசுகிறது. 2001-ல் வெளிவந்த எக்ஸ்பிக்கு அந்தப் பாஷை தெரியாது. விஸ்டா முதற்கொண்டு வந்தவற்றுக்குத் தெரியும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழியில், மதர்போர்டு கம்பெனி தரும் எக்ஸ்பி டிரைவரை ஃபிளாப்பியில் ஏற்ற வேண்டும். சிடி ஓடத் தொடங்கியதும் கீழ் வரியில் கேட்கும்போது எஃப் 6 பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவுடன் ஒன்றும் நடவாது; சில நிமிஷம் பொறுக்க வேண்டும். பிறகு எஸ் எழுத்தை அழுத்தினால் ஃபிளாப்பியைக் கேட்கும். 'டி.எக்ஸ்.டி.செட்டப்' என்னும் கோப்பு ஃபிளாப்பியின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும். நாம் அதை ஓர் உறைக்குள் வைத்துவிட்டு, ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினோம்! நம் கண்ட்ரோலரின் பெயரையே பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பு நகலெடுக்கையில் மறுபடியும் ஃபிளாப்பியைக் கேட்கும், எடுத்துவிடலாகாது. யூ.எஸ்.பி. ஃபிளாப்பிகளில் சிலவற்றையே எக்ஸ்பி ஏற்கும்.

இரண்டாவது வழி இலகுவானது. கம்ப்யூட்டரை முடுக்கும்போது டெல் அல்லது எஃப் 2 அழுத்தி பயாஸுக்குள் போய், ஸாட்டா முறையை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.ஈ.க்கு மாற்றுவது. அது எக்ஸ்பி அறிந்த பழைய பாஷை. வேகம் கொஞ்சம் குறையலாம். கடைக் கணக்குக்கு அது ஒரு பொருட்டா? நம் அபிப்பிராயத்தில் இதுவே போதும்.

ஆனால் எக்ஸ்பியை ஏற்றி முடித்தபின் ஆசைப்பட்டு மறுபடி ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றிவிடாதீர்கள். மருமகன் மாற்றினான், நீலத் திரையும் 7பி என்ற எண்ணுமே வந்தன. துபாஷியை முன்னதாகவே அமர்த்தாமல் பாஷையை மாற்றினால் அப்படித்தான். பதறாமல் பயாஸில் பழையபடி ஐ.டி.ஈ. என்று வைத்ததும் எழுந்துவிட்டது.

இன்னொன்று: புது டிஸ்க்கில் ஏற்றும்போது பழைய டிஸ்க்கின் ஒயரைக் கழற்றி வையுங்கள். எது புதிது, எது பழையது என்று மயங்கி ஃபார்மட் செய்துவிட்டால் பேரேடு போயிற்று. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டன. ஆகையால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இண்டர்நெட் கொடுக்காமல் கணக்குக்கு மட்டும் வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை நகலும் எடுக்கிறோம். பழைய டிஸ்க் இன்னும் கல்லாப் பெட்டிக்குள் கிடக்கிறது.