தானியங்கி மின்மாற்றுச் சுவிட்சும் பாதுகாப்பும்

1996 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஜொகூர் உட்படத் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய வேளையில் தானியங்கி மாற்றுச் சுவிட்சு, ரப்பர் ஆலையை ஜெனரேட்டருக்குத் தானாகவே மாற்றும். ஆயின், மின்சாரம் நின்றதற்குக் காரணம் ஆலைக்குள் நேர்ந்த குறுக்குச் சுற்றாயின், ஜெனரேட்டரும் அதே பழுதுக்கு மின்சாரம் ஊட்டும். ஆகவே, பழுதினால் முதன்மைப் பிரேக்கர் விழுந்தால், சுவிட்சு மாறாதவாறு தடுக்கப்பட வேண்டும்.

கிரேப் இயந்திரத்தில் பழுதெனில், அதன் பிரேக்கரே முதலில் விழ வேண்டும். முதன்மைப் பிரேக்கர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். அப்போது மற்ற இயந்திரங்கள் ஓடும். ஜெனரேட்டர் தரும் பழுது மின்னோட்டம் பெரும்பாலும் குறைவு. எனவே பிரேக்கர் அமைப்பை இரு வழிகளுக்கும் சோதித்தல் அவசியம்.

தொழிலாளர்களே, விழுந்த பிரேக்கரை நீங்களே மீண்டும் ஏற்றாதீர்கள். பழுது நீங்காமல் ஏற்றினால் தீயும் உயிர்ச்சேதமும் நேரக்கூடும். தகுதி பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.