முதலிடமும் இருபத்தெட்டாம் இடமும்



நம் புளியறையிலிருந்து ஆரியங்காவுக்குப் பேருந்தில் சென்றவர்களுக்கு 'எஸ்' வளைவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாரம் ஏற்றிய லாரி இறங்கி வருகையில், ஒரு வளைவை முடிக்குமுன்பே ஓட்டுநர் அடுத்த வளைவுக்கு ஆயத்தமாகிவிடுகிறார். கால்களில் இரு நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, பனி மூடிய மலைச்சரிவில் இத்தகைய வளைவுகள் ஐம்பதை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கடப்பதாக எண்ணிப் பாருங்கள். அதுவே 'ஸ்லாலம்' எனப்படும் பனிச்சறுக்குப் பந்தயம். அச்சொல் நார்வே நாட்டு மொழியிலிருந்து வந்தது.

பந்தயம் நடைபெறும் முறை

சரிவு நெடுகச் சிவப்பு, நீல நிறக் கம்பங்கள் மாறி மாறி நடப்பட்டிருக்கும். அவை அமைக்கும் ஒவ்வொரு வாயிலையும் வீராங்கனை கடந்தாக வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் தகுதி போய்விடும். ஒரே நாளில் இரு ஓட்டங்கள் உண்டு. இரண்டாம் ஓட்டத்திற்குக் கம்பங்களை வேறுவிதமாக மாற்றி நடுவார்கள். இரு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டி, நொடியில் நூற்றிலொரு பங்கு வரை கணக்கிட்டு வெற்றியைத் தீர்மானிப்பார்கள். அந்தப் பாதையில் முன்கூட்டி ஓடிப் பழக அனுமதி இல்லை. மெல்ல இறங்கிப் பார்வையிட்டு, வளைவுகளை மனத்தில் பதித்துக்கொள்ளலாம், அவ்வளவே.

செருப்புத் தைப்பவரின் மகள்

இப்பந்தயத்தில் பெரும்புகழ் பெற்றவர் சுவிட்சர்லாந்தின் வ்ரேனி ஷ்னைடர். 1964ஆம் ஆண்டு எல்ம் என்னும் மலைக்கிராமத்தில் பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. பதினாறு வயதிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1988இல் கனடாவின் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். அடுத்து வந்த 1988-89 பருவத்தில் உலகக் கோப்பைப் பந்தயங்கள் பதினான்கில் முதலிடம் பெற்றார். ஆனால் 1992 ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் கிட்டவில்லை. அவர் மனம் தளரவில்லை. 1994இல் லில்லஹாமரில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் பெற்றார். 1995இல் ஓய்வு பெற்றபோது அவருடைய உலகக் கோப்பை வெற்றிகள் 55!

அதே பந்தயத்தில் ஓர் இந்தியப் பெண்

கால்கரியில் ஷ்னைடர் தங்கம் வென்ற அதே ஸ்லாலம் பந்தயத்தில் நம் நாட்டின் ஷைலஜா குமாரும் ஓடினார். குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 1968க்குப் பின் இருபது ஆண்டுகள் கழித்து இந்தியா அவ்விழாவுக்கு வீரர்களை அனுப்பியிருந்தது. சுவிட்சர்லாந்தில் குழந்தைகள் வீட்டு வாசலிலேயே சறுக்கக் கற்கிறார்கள். நம் நாட்டிலோ குல்மார்க் போன்ற ஒருசில இமயமலைப் பகுதிகளில் மட்டுமே அதற்கு இடமுண்டு.

ஷைலஜா பெற்றது 28ஆம் இடம். முடித்தவர்களில் அதுவே கடைசி இடம். "கடைசியா?" என்று நகைக்க வேண்டாம். அன்று தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரு ஓட்டங்களையும் முடிக்கவில்லை. அவர்களில் அவரைவிட வேகமானவர்களும் இருந்தனர். ஆயினும் முடிவுப் பட்டியலில் அவர்களுக்கு இடம் இல்லை, ஷைலஜாவுக்கு உண்டு.

அவருக்குப் பின் 2006இல் டூரின் ஒலிம்பிக்கில் நேகா அகுஜா கலந்துகொண்டார். 2018இல் மணாலிப் பக்கத்துப் பெண்ணான ஆஞ்சல் தாக்கூர், துருக்கியில் நடந்த ஸ்லாலம் பந்தயத்தில் வெண்கலம் பெற்றார். பனிச்சறுக்கில் இந்தியா பெற்ற முதல் பன்னாட்டுப் பதக்கம் என அது போற்றப்பட்டது.

நாம் அறிவது

கடைசி இடம் போதும் என்று இருந்துவிடுவது சரியன்று; ஷ்னைடரின் உழைப்பு நமக்கு வேண்டும். ஆயினும் குறைந்த மதிப்பெண் பெற்றவள் வேறு, பள்ளியை விட்டே நின்றுவிட்டவள் வேறு. முன்னவள் அடுத்த தேர்வில் முன்னேறலாம். பின்னவளுக்கு அடுத்த தேர்வே இல்லை. மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும் பெற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். "எத்தனையாவது இடம்?" என்று கேட்குமுன், "விடாமல் முடித்தாயா, மகளே?" என்று கேட்பார்களாக. தோழியரே, எந்த வளைவிலும் நின்றுவிடாமல் முடிவுக் கோட்டைத் தொடுவோம்!